கொடுத்தவர், பெற்றவர், பார்த்தவர்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் வடமுனைக்கு அருகே உள்ள ஒரு சின்னத் தீவில் அலர்ட் பே என்ற ஊர் இருக்கிறது. 1922இல் அந்த ஊரில் 45 பேர் மீது வழக்கு நடந்தது. அவர்கள் எவரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசியது, ஆடியது, பிறருக்குக் கொடுப்பதற்காகப் பொருள்களை அடுக்கி வைத்தது, அந்தப் பொருள்களைப் பெறுபவரின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஆகியவையே அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றங்கள். 20 பேர் ஓக்கல்லா சிறைக்குப் போனார்கள். முதல்முறை சிக்கியவருக்கு இரண்டு மாதம், மறுமுறை சிக்கியவருக்கு மூன்று மாதம். தங்கள் குழுவின் முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் அரசிடம் மொத்தமாக ஒப்படைத்தால் தண்டனை நிறுத்தி வைக்கப்படும் என்ற நிபந்தனையின் பேரில் 22 பேர் சிறைக்குப் போகாமல் தப்பினார்கள். அந்த மக்கள் குவாக்வாகவாக் எனப்படும் கடலோரப் பழங்குடியினர். அவர்கள் செய்தது போட்லாட்ச் என்று உலகம் அறிந்த கொடை விழா. கைம்மாறு என்ற கருத்தைப் பற்றி மானுடவியலிலும் சமூகவியலிலும் பொருளியலிலும் கடந்த நூறு ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதிக்கு இந்தக் கடற்கரையிலிருந்து கிடைத்த செய்திகளே ஒரு முக்கிய ஊற்று. ஆனால் அந்த ஊற்றிலிருந்து மொண்டு சென்ற துறைகள் கொடுப்பவரையும் பெறுபவரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றாவதாக அங்கே உட்கார்ந்திருந்தவரைக் கரையிலேயே விட்டுவிட்டன. அந்த மூன்றாமவர் சாட்சி. அவரில்லாமல் போட்லாட்ச் இல்லை, அவரை விட்டுவிட்டுக் கைம்மாற்றை விளக்கவும் முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த விழா எப்படி நடந்தது என்பதைப் பார்த்துவிடலாம். குவாக்வாகவாக் சமூகத்தில் குலத்தலைமைகளும் பட்டப்பெயர்களும் எண்ணிக்கையில் வரம்புடையவை. ஒவ்வொரு பட்டத்தோடும் ஒரு வம்சக் கதை, ஒரு சின்னம், சில பாடல்கள், குறிப்பிட்ட முகமூடியணிந்து ஆடும் உரிமை, பல நேரங்களில் மீன்பிடிக்கவும் கனி பறிக்கவும் இடம் ஆகியவை சேர்ந்தே வரும். குழந்தைக்குப் பெயர் சூட்டினாலும், திருமணம் நடந்தாலும், தலைவர் இறந்து வாரிசு அமர்ந்தாலும், அந்த உரிமை கைமாறியதை நிலைநிறுத்த விழா எடுக்க வேண்டும். தேவதாரு மரத்தால் கட்டிய பெரிய வீட்டின் நடுவே தீ எரியும். வெளியூர் விருந்தினர் அவரவர் தகுதி வரிசைப்படி அமர்த்தப்படுவார்கள். விழா எடுப்பவர் தாமே பேச மாட்டார். அவருக்காகப் பேசுவதற்கென்றே ஒருவர் கோலூன்றி நின்று முன்னோர் எங்கிருந்து வந்தார், இந்தப் பெயர் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சபையறியச் சொல்வார். பிறகு அந்தப் பெயருக்குரிய ஆட்டம் ஆடிக் காட்டப்படும். இவ்வளவும் முடிந்த பிறகே கொடை. ஒவ்வொரு விருந்தினரும் தத்தம் பட்டப்பெயரால், வரிசை பிசகாமல் அழைக்கப்பட்டுப் பொருள் பெறுவார். முன்னவரைப் பின்னால் அழைத்துவிட்டால் அது அவமதிப்பு; அதைச் சரிக்கட்ட மேலும் கொடுத்தாக வேண்டும். பழைய காலத்தில் தோல், படகு, யூலகான் மீனெண்ணெய் ஆகியவை கொடைப் பொருள்களாக இருந்தன. 1849இல் ஹட்சன் பே கம்பெனி ஃபோர்ட் ரூபர்ட்டில் கோட்டை அமைத்த பிறகு கம்பளிப் போர்வையே கணக்கின் அலகானது. இருபதாம் நூற்றாண்டில் தையல் இயந்திரமும் கிராமபோனும் மாவு மூட்டையும் மோட்டார் படகும் வந்து சேர்ந்தன.

அந்தப் போர்வை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால், அந்த மக்கள் சொல்லும் விடை நேரானது: வந்தவர்கள் பார்த்ததற்காக. கொடையை வாங்கிக்கொண்டவர், இந்தப் பெயர் இன்னாருக்கு உரியது என்று தாம் கண்டதை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். எழுத்து இல்லாத சமூகத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வேலையை அந்த விருந்தினர் கூட்டம் செய்தது. மறுப்பு உள்ளவர் அங்கேயே எழுந்து சொல்ல வேண்டும். பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டுப் பத்து ஆண்டு கழித்து மறுக்க முடியாது. நாளை அந்த விருந்தினர் தம் ஊரில் விழா எடுக்கும்போது இன்று கொடுத்தவர் அங்கே விருந்தினராகப் போவார். இன்று பொருள் பெற்றவர் அன்று கொடுப்பார், இன்று சாட்சியாக இருந்தவருக்கு அன்று இவர் சாட்சியாவார். ஆகவே திரும்பி வருவது போர்வை மட்டுமன்று, சாட்சியும் திரும்புகிறது. மதுரைப் பக்கத்துக் காதணி விழாவில் மொய் எழுதுபவர் ஊர், பெயர், தொகை மூன்றையும் ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செய்முறை நோட்டில் எழுதுவது வீட்டுக்காரர் நினைவுக்கு. ஒலிபெருக்கியில் சொல்வது பந்தலில் இருக்கும் அத்தனை பேருக்கும். இரண்டும் தனித்தனி வேலைகள். இரண்டு வழக்கங்களும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பட்டமும் நிலவுரிமையும் நம் மொய்யில் கைமாறுவதில்லை. கைம்மாறு என்பது இருவருக்கிடையே மட்டும் நடக்கும் காரியம் என்ற எண்ணம் நம் அனுபவத்துக்கும் ஒத்துவராதது என்பதைக் காட்டவே இந்த ஒப்பீடு.

கனடா அரசு இந்த விழாவை 1884இல் சட்டம் இயற்றித் தடை செய்தது. 1885 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பாதிரிமார்களும் அதிகாரிகளும் நெடுநாளாகக் கேட்டுவந்த தடை அது. ஆண்டெல்லாம் உழைத்துச் சேர்த்ததை ஒரு வாரத்தில் வாரிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனைச் சிக்கனமான குடியானவனாக, கிறிஸ்தவனாக மாற்ற முடியாது என்பது அவர்கள் வாதம். சட்டம் போட்லாட்ச் என்ற பெயரைச் சொன்னதே தவிர, அது என்ன என்று சொல்லவில்லை. 1889இல் முதல் வழக்கு நீதிபதி மேத்யூ பெக்பியின் முன் வந்தபோது, குற்றம் எதுவென்று சட்டமே வரையறுக்காத நிலையில் ஒருவரைச் சிறையில் வைக்க முடியாது என்று அவர் விடுவித்துவிட்டார். ஆகவே வரையறை தேவைப்பட்டது. 1895இல் சட்டம் திருத்தப்பட்டபோது, பணமோ பொருளோ கொடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் பகுதியாக அமைந்த விழாக்கள் எல்லாம் குற்றம் என்று எழுதினார்கள். இந்த வரையறையை நின்று கவனிக்க வேண்டும். சபை, பெயர், உரிமை, சாட்சி எதுவும் அதில் இல்லை. கொடுத்தல், திருப்பிக் கொடுத்தல் என்ற இரண்டு செயல்களே மிஞ்சின. கைம்மாறு என்ற கருத்துக்குப் பிற்காலக் கல்வித்துறைகள் கொடுத்த இருமுனை வடிவத்தை, ஒரு தண்டனைச் சட்டத்தின் வரைவாளர்கள் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். துறைகள் அந்தச் சட்டத்தைப் பார்த்துக் கற்றன என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பொருளின் போக்குவரத்து முதலில் தெரிகிறது, அமர்ந்திருப்பவரின் வேலை தெரிவதில்லை என்ற ஒரே காரணம் இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டு நிறுத்தியிருக்கிறது.

தடைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் ஃபிரான்ஸ் போவாஸ் முக்கியமானவர். 1886இல் முதன்முறை அந்தக் கரைக்குப் போனவர், 1894 குளிர்காலத்தில் ஃபோர்ட் ரூபர்ட்டில் விழாக்களை நேரில் பார்த்தார். டிலிங்கிட் இனத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்து குவாக்வாகவாக் மக்களிடையே வளர்ந்த ஜார்ஜ் ஹண்ட் அவருக்குத் துணை. பல பத்தாண்டுகள் ஹண்ட் எழுதிக் குவித்த குறிப்புகள் இல்லாமல் போவாஸின் நூல்கள் இல்லை. வீண்செலவு என்ற குற்றச்சாட்டை முறியடிக்கப் போவாஸ் ஒரு வாதத்தைக் கையிலெடுத்தார். இது ஊதாரித்தனம் அன்று, கடன் தீர்ப்பதும் முதலீடு செய்வதும்தான், கொடுத்தவர் வட்டியோடு திரும்பப் பெறுகிறார், இவர்களின் வங்கி இதுவே என்றார். கணக்கையே அறமாகக் கருதிய அரசுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என்றாலும் விளைவு நல்லதாக அமையவில்லை. விழாவுக்கு முன் போர்வை சேர்ப்பதற்காக வட்டிக்கு வாங்கும் கடன் ஒன்று. விழாவில் சாட்சிகளுக்குத் தரும் கொடை வேறொன்று. இரண்டும் கலந்துபோய், போட்லாட்ச் என்பதே நூற்றுக்கு நூறு வட்டியில் சுற்றும் கொடுக்கல் வாங்கல் என்ற எண்ணம் நூல்களில் நிலைத்தது. ஃபிலிப் டிரக்கரும் ராபர்ட் ஹைசரும் 1967இல் வெளியிட்ட ஆய்வில், விழாக் கொடைக்கு அப்படி வட்டிக் கடப்பாடு எதுவும் கிடையாது என்று எடுத்துக்காட்டினார்கள். அதற்குள் எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

போவாஸின் செய்திகளையும், பசிபிக் தீவுகளிலிருந்து மாலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்டவற்றையும், மாவோரி மக்களைப் பற்றி எல்ஸ்டன் பெஸ்ட் எழுதியவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு பாரீஸில் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றிய தம் நீண்ட கட்டுரையை வெளியிட்டார். பழைய ரோமச் சட்டமும், மகாபாரதத்தின் அனுசாசன பர்வம் சொல்லும் தானதர்மமும்கூட அதில் இடம்பெற்றன. கொடுக்க வேண்டிய கடமை, பெற வேண்டிய கடமை, திருப்ப வேண்டிய கடமை என்று மூன்றை அவர் பிரித்துக் காட்டினார். மோஸைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். கொடுத்து வாங்குபவர்கள் தனி மனிதர்கள் அல்லர், குலங்களும் குடும்பங்களும்தான் என்றும், சட்டம், சமயம், பொருளாதாரம், அழகியல் எல்லாம் இந்த ஒரே நிகழ்வில் பிணைந்திருக்கின்றன என்றும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சபைமுன் முகம் கெடாமல் இருப்பதற்கு அந்தத் தலைவர்கள் தந்த மதிப்பையும் அவர் விளக்கினார். ஆனால் அவர் கூறிய மூன்று கடமைகளும் கொடுப்பவர் மீதும் பெறுபவர் மீதும் மட்டுமே விழுகின்றன. பார்க்க வேண்டிய கடமை, பார்த்ததைச் சொல்ல வேண்டிய கடமை என்ற நான்காவதை அவர் தனித்துப் பெயரிட்டுச் சொல்லவில்லை. பாடநூல்களுக்கு வசதியாக இருந்தது அந்த மூன்றுதான். விரிந்த வர்ணனைகள் வகுப்பறைக்கு வரும் வழியில் உதிர்ந்தன. மாலினோவ்ஸ்கியும் இந்த விஷயத்தின் வாசல் வரை வந்தவர். கடலோர ஊர்க்காரர் மீனும் உள்நாட்டு ஊர்க்காரர் கிழங்கும் கொடுத்துக்கொள்ளும் டிரோபிரியாண்ட் வழக்கத்தை 1926இல் விவரித்தபோது, எல்லாம் சடங்காகப் பலர் முன்னிலையில் நடப்பதால் கட்டுப்படுத்தும் வலிமை கூடுகிறது என்று எழுதினார். கூடுகிறது என்றுதான் சொன்னார். அதாவது வலிமையின் மூலம் வேறெங்கோ இருக்கிறது, கூட்டம் அதற்கு மேலதிகம்.

அதன்பின் கருத்து துறைதுறையாகப் பயணம் செய்தது. கார்ல் போலன்யி 1944இல் சந்தைக்கு முந்தைய பொருளாதாரங்களின் அடித்தளங்களில் ஒன்றாகக் கைம்மாற்றை வைத்தார். ஆல்வின் கோல்ட்னர் 1960இல் அதைச் சமூகவியலின் பொது நெறியாக்கினார்: உதவியவருக்கு உதவு, உதவியவருக்குத் தீங்கு செய்யாதே. மார்ஷல் சாலின்ஸ் உறவின் நெருக்கத்தைப் பொறுத்துக் கைம்மாறு மூன்று வகைப்படும் என்று வகுத்தார். உளவியலில் 1971இல் டென்னிஸ் ரீகன் ஒரு சோதனை செய்தார். கேட்காமலே ஒரு கோகோ கோலா வாங்கி வந்து கொடுத்தவர், பிறகு பரிசுச் சீட்டு வாங்கச் சொன்னபோது, குடித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகச் சீட்டு வாங்கினார்கள். அதே ஆண்டு உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ், உறவே இல்லாத ஓர் உயிர் இன்னொன்றுக்கு உதவுவது இயற்கைத் தேர்வில் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு, இன்று மூழ்குபவரைக் காப்பாற்றியவர் நாளை தாம் மூழ்கும்போது காப்பாற்றப்படுவார் என்ற கணக்கால் விடை சொன்னார். 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் ஆக்சல்ராட் கணினி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டார். முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன. முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி முன்முறை செய்ததையே நீயும் செய் என்ற அனடோல் ராபபோர்ட்டின் மிகச் சிறிய நிரல் அதில் வென்றது. 62 நிரல்கள் பங்கேற்ற இரண்டாம் போட்டியிலும் அதுவே வென்றது. அறையில் இருவர், ஆற்றில் இருவர், கணினியில் இருவர். தேவதாரு வீட்டில் வரிசையாக அமர்ந்திருந்தவர்கள் எங்கும் இல்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. எந்த அறிவியலும் எளிமைப்படுத்தித்தான் தொடங்கும்; இருவரைக்கொண்டு தொடங்கி, தேவைப்பட்டால் மூன்றாமவரைச் சேர்த்துக்கொள்வோம், இதில் என்ன பிழை என்று கேட்கலாம். ஆக்சல்ராடின் சோதனை ஒத்துழைப்பைப் பற்றி நமக்குக் கற்றுத் தந்தது நிறைய. அதை மறுப்பவனல்லன் நான். ஆனால் எளிமைப்படுத்தும்போது எதைக் கழிக்கிறோம் என்பது முக்கியம். கூட்டம் வெறும் மேலதிகம் என்றால், அதை நீக்கிவிட்டாலும் வழக்கம் மெலிந்த வடிவத்தில் தொடர வேண்டும். இந்தச் சோதனையை வரலாறே நடத்திப் பார்த்திருக்கிறது. தடைச் சட்டம் விழாவோடு சேர்ந்த கொடையைத்தான் குற்றமாக்கியது என்பதால், குவாக்வாகவாக் மக்கள் சட்டத்தின் இடுக்குகளில் நுழைந்து பார்த்தார்கள். ஆட்டத்தை ஒரு பருவத்தில் ஆடிவிட்டுக் கொடையை மாதங்கள் கழித்துக் கொடுத்தார்கள். வீடுவீடாகப் போய்க் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் பரிசு என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். கொடுத்தவரும் பெற்றவரும் திருப்பும் கடமையும் அதில் முழுதாக இருந்தன. ஒரே ஒரு குறை, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இல்லை. இருமுனைக் கோட்பாடு சரியென்றால் அவர்கள் அதோடு அமைதியடைந்திருக்க வேண்டும். அமைதியடையவில்லை. 1918இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, அந்தப் பகுதியின் அரசு முகவரே வழக்கை விசாரித்துத் தண்டிக்கலாம் என்றாகி ஆபத்து கூடிய பிறகும், 1921 டிசம்பரில் டான் கிரான்மர் வில்லேஜ் தீவில் பெரிய விழா எடுத்தார். குளிர்காலக் கடலில் படகேறி விருந்தினர் வந்தார்கள். ஆறு நாள் நடந்த அந்த விழாவில் படகுகள், பில்லியர்ட்ஸ் மேசைகள், தையல் இயந்திரங்கள், கிராமபோன்கள், மாவு மூட்டைகள் கைமாறின. வீட்டு வாசலில் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பொருளுக்காக எவரும் சிறைக்குப் போகத் துணிய மாட்டார்கள். அவர்கள் துணிந்தது கூடுவதற்காக.

வழக்கு நடந்த விதமும் இதற்குச் சான்று. அரசு முகவர் வில்லியம் ஹாலிடேதான் நீதிபதி இருக்கையிலும் அமர்ந்தார். பொருளைக் கொடுத்தவர் மீது மட்டும் குற்றம் சாட்டிவிட்டு அவர் நிறுத்தவில்லை. பேசியவரையும் ஆடியவரையும் பொருளைத் தூக்கிச் சென்றவரையும் தண்டித்தார். முகமூடிகளும் கிலுகிலுப்பைகளும் செப்புத் தகடுகளும் ஊரின் ஆங்கிலிக்கன் சபைக் கூடத்தில் பெஞ்சுகளில் பரப்பி வைக்கப்பட்டன. நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹை 35 பொருள்களை விலைக்கு வாங்கிச் சென்றார். மீதி பெரும்பாலும் ஒட்டாவா அருங்காட்சியகத்துக்குப் போனது. இழப்பீடு என்று அரசு அனுப்பிய தொகை 1,495 டாலர். செப்புத் தகடுகளுக்கு எதுவும் தரப்படவில்லை. அந்தத் தகடுகள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. யார் யாரிடமிருந்து எத்தனை போர்வைக்கு வாங்கினார்கள் என்ற வரலாறு சபையில் சொல்லப்பட்டுச் சொல்லப்பட்டே அதன் மதிப்பு ஏறும். சொல்லும் சபையைக் கலைத்துவிட்டால் அது வெறும் செம்பு. சட்டப்புத்தகம் எதை எழுதியிருந்தாலும், களத்தில் நின்ற அதிகாரிக்கு எதை உடைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இன்னொரு மறுப்பு போட்டியைப் பற்றியது. எதிராளியைத் தலைகுனியச் செய்வதற்காகத் தகட்டை உடைத்தார்கள், எண்ணெயைத் தீயில் கொட்டினார்கள், போர்வையை எரித்தார்கள். இதில் சாட்சியமும் பதிவும் எங்கே என்று கேட்பார்கள். ரூத் பெனடிக்ட் 1934இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இந்தச் சமூகம் தற்பெருமையில் வெறிகொண்டதாகவே சித்தரிக்கப்பட்டது. ஹெலன் கோடேர் 1950இல் இதைக் கால ஓட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஆயுதப் போர் ஒடுங்கிய பிறகு பொருளால் போரிட்டார்கள் என்பது அவர் கருத்து. அதைவிட முக்கியமானது பின்னணி. 1862இல் பரவிய பெரியம்மை உட்படத் தொடர்ந்து வந்த நோய்களில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். பட்டங்கள் அப்படியே இருக்க, அவற்றுக்குரிய மனிதர்கள் குறைந்தார்கள். அதே நேரத்தில் மீன் பதனிடும் ஆலைகளிலும் வணிகத்திலும் கிடைத்த கூலி, முன்பு விழா எடுக்கும் நிலையில் இல்லாதவர் கையிலும் பணத்தைச் சேர்த்தது. ஒரே பட்டத்துக்கு இருவர் உரிமை கோரினால் யார் பக்கம் சபை சாய்கிறது என்பதே முடிவு. ஆகவே போட்டி கடுமையானது சாட்சியின் மதிப்பு ஏறியதன் விளைவு. பார்ப்பவர் இல்லாத இடத்தில் எவரும் எண்ணெயைக் கொட்டியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகக் கனமாகத் தெரிவது. அது வெளியாள் சொன்னதன்று. அந்தச் சமூகத்திலேயே தடையை ஆதரித்தவர்கள் இருந்தார்கள். அலர்ட் பேயில் வாழ்ந்த ஜேன் குக் அவர்களில் நன்கு அறியப்பட்டவர். இளம்பெண்கள் திருமணக் கொடைகளின் கணக்குக்குள் சிக்குவதையும், விழாச் செலவு குடும்பங்களை நெருக்குவதையும் கண்டு அவர் போட்லாட்சை எதிர்த்தார். அதே ஜேன் குக் தம் மக்களின் நிலவுரிமைக்காக உரத்துக் குரல் கொடுத்தவரும்கூட. அவரை அரசின் கையாள் என்று தள்ளிவிடுவது அநியாயம். அவருடைய எதிர்ப்பு என் வாதத்தைக் குலைப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு வகையில் உறுதிப்படுத்துகிறது. சபை பார்த்துக்கொண்டிருப்பது உரிமையைக் காக்கும் அதே நேரத்தில் மனிதரைக் கட்டியும் போடும். மறுக்க முடியாமல் கொடுப்பவர், மறுக்க முடியாமல் பெறுபவர், மறுக்க முடியாமல் மணமுடிப்பவர் என்று எல்லோரையும் அது நெருக்கும். கைம்மாற்றை நட்பின் இனிய பரிமாற்றமாக மட்டும் வர்ணிக்கும் எழுத்துகளில் இந்த நெருக்கடி தெரிவதில்லை, ஏனென்றால் அவற்றில் பார்ப்பவர் இல்லை. அவரைச் சேர்த்துக்கொண்டால் அதன் இனிமையோடு கொடுமையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மூன்றாமவர் துறைகளுக்குள் மெல்லத் திரும்பியும் வந்திருக்கிறார், அதுவும் எதிர்பாராத வாசல் வழியாக. மானுடவியல் திறந்து வைக்காத கதவை உயிரியல் திறந்தது. ரிச்சர்ட் அலெக்சாண்டர் 1987இல் மறைமுகக் கைம்மாறு என்ற கருத்தை விரித்தார்: நான் உனக்குச் செய்வதை மற்றொருவர் பார்க்கிறார், அதனால் அவர் எனக்குச் செய்கிறார். மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1998இல் அதைக் கணித மாதிரியாக்கினார்கள். அதில் ஒவ்வோர் உதவியையும் சிலர் பார்க்கிறார்கள், உதவியவரின் மதிப்பெண் ஏறுகிறது, மதிப்பெண் ஏறியவருக்குப் பிறர் உதவுகிறார்கள். எர்ன்ஸ்ட் ஃபேரும் ஊர்ஸ் ஃபிஷ்பாக்கரும் 2004இல், தமக்கு எந்த நட்டமும் நேராத மூன்றாமவர்கூடத் தம் கைப்பணத்தைச் செலவழித்து நியாயமற்றவரைத் தண்டிப்பதைச் சோதனையில் காட்டினார்கள். இவை பெரிய முன்னேற்றங்கள். என்றாலும் இந்த மாதிரிகளில் பார்ப்பவர் தற்செயலாகக் கண்ணில் பட்டதைக் கொண்டு மதிப்பெண் போடுபவர், அல்லது கோபப்படுபவர். போட்லாட்சின் சாட்சியோ அழைத்து அமர்த்தப்பட்டவர். அவருக்கு இருக்கை உண்டு, பெயர் உண்டு, கூலி உண்டு, பொறுப்பு உண்டு. பார்த்ததைத் திரித்துச் சொன்னால் அவருடைய சொந்தப் பட்டத்தின் மீதே கேள்வி எழும். ஊர்வாய்ப் பேச்சுக்கும் சாட்சியத்துக்கும் உள்ள இந்த வேற்றுமையை இன்னும் எந்த மாதிரியும் முழுதாக உள்வாங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

தடை 1951இல் போனது. அரசு தவறை ஒப்புக்கொண்டு நீக்கவில்லை. சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அந்தப் பிரிவு சத்தமில்லாமல் விடப்பட்டது. 1953இல் சிற்பி மங்கோ மார்ட்டின் விக்டோரியா நகரில் தாம் கட்டிய பெரிய வீட்டைத் திறந்துவைத்து, தடைக்குப் பிறகான முதல் பகிரங்க விழாவை நடத்தினார். பறிக்கப்பட்ட பொருள்கள் திரும்பி வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. அவற்றை வைப்பதற்கென்று கேப் மட்ஜில் 1979இலும் அலர்ட் பேயில் 1980இலும் அருங்காட்சியகங்கள் எழுந்தன. சாட்சியின் சட்ட மதிப்பு நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது வேறொரு வழக்கில். வடக்கே கிட்க்சான், வெட்சுவெட்டென் என்ற இரு அண்டை மக்களின் பரம்பரைத் தலைவர்கள் தங்கள் நிலத்தின் மீது உரிமை கோரித் தொடுத்த டெல்கமூக் வழக்கு 374 நாள் விசாரிக்கப்பட்டது. அவர்களிடம் பத்திரம் இல்லை. விருந்துக் கூடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சபைமுன் சொல்லப்பட்டு, விருந்தினரால் ஏற்கப்பட்ட வம்சக் கதைகளும் எல்லைகளுமே அவர்களின் ஆவணம். 1991இல் தீர்ப்பளித்த நீதிபதி ஆலன் மெக்கேகர்ன் அவற்றுக்குத் தனிச் சான்றாக மதிப்பளிக்க மறுத்தார். 1997 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்கு இணையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று கூறி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1884இல் எந்தக் கூட்டத்தைக் கூடவே கூடாதென்று ஒரு நாடு சட்டம் போட்டதோ, அதே வகைக் கூட்டத்தில் சொல்லப்பட்டதை அந்த நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் நிலவுரிமைக்கான சான்றாக எடுத்துக்கொள்ள 113 ஆண்டுகள் ஆயின. நீதிபதிகள் கைம்மாற்றைப் பற்றிக் கோட்பாடு எதுவும் எழுதவில்லை. வழக்காடியவர்கள் தங்கள் விருந்துக் கூடத்தில் யார் அமர்ந்திருந்தார்கள், எதைக் கேட்டார்கள், எதை வாங்கிக்கொண்டு எதற்குத் தலையசைத்தார்கள் என்று சொன்னதை அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.